எதிராளிக்கும் அதே அளவு

எதிர்வீட்டுக்காரர் நிலம் செய்கிறார் என்று இந்தக் கட்டடத்தில் முதலில் சொன்னது நான்தான். மனை வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு கீழ்வீட்டு டெய்லர் ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு மேலே ஏறி வந்து, "சின்னதா ஒரு துண்டு இருந்தா சொல்லுங்க சார், மூலையா இருந்தாலும் பரவாயில்ல" என்று கேட்டார். இவர் மேசையிலிருந்து உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சதுப்பு நிலம். டெய்லர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனவர்தான். இன்றுவரை எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

சீட்டாட்டம் மாதிரிதான், ஆனால் ராஜா ராணி கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். முறைக்கு ஒரு நில அட்டையைக் கீழே வைக்கலாம். நிலம் பலம் கொடுக்கும். அந்தப் பலத்தைச் செலவு பண்ணி மிருகங்களை இறக்கி எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும், கோட்டைகளை எழுப்பித் தன் உயிரைக் காக்க வேண்டும். இந்த ஆட்டத்துக்குப் புதிதாகப் பன்னிரண்டு நிலங்கள் செய்து கொடுக்க ஒரு கம்பெனி இவரைப் பிடித்திருந்தது. படம் போட வேறு ஆள். அட்டையில் என்ன எழுதுவது என்பதுதான் இவர் வேலை. நிலம் அதிகமாகக் கொடுத்தால் எதையாவது பிடுங்கிக்கொள்ளவும் வேண்டுமாம். சதுப்பு நிலம் இரண்டு மடங்கு பலம் தரும், ஆனால் வைத்த முறையில் தூங்கும். சுண்ணாம்பு மேடு உடனே தரும், ஆனால் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஓர் உயிரைக் கேட்கும்.

"எதுவும் சும்மா கிடைக்கக் கூடாதுக்கா. கிடைச்சா ஆட்டம் கெட்டுரும்" என்றார் என்னிடம், பெரிய தொழில் ரகசியம் மாதிரி. கல்யாணமாகி எட்டு வருஷமான மனிதர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒட்டுக் கேட்கிற ஜாதி இல்லை. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச இடமில்லாததால் மாடிப்படித் திருப்பத்தில் வந்து நின்று பேசுவார்கள். மாடிப்படித் திருப்பம் என் கதவிலிருந்து இரண்டு எட்டு. என் காதைக் கழற்றி அலமாரியில் வைக்க முடியாது.

இடமில்லாததற்குக் காரணம் இரண்டு பேர். அவருடைய அப்பா ஒருவர், அவளுடைய அப்பா ஒருவர். சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில். அவர் அப்பா லாரி ஆபீஸில் சரக்கு பதிந்தவர், அதனால் எனக்கு லாரியார். அவள் அப்பா கோர்ட்டில் டைப் அடித்தவர், கோர்ட்டார். இரண்டு பேருடைய மனைவிமாரும் காலமாகிவிட்டார்கள். இரண்டு பேரும் மற்ற பிள்ளைகள் வீட்டில் பெட்டியோடு போய் இருந்து பார்த்து, பெட்டியோடு திரும்பி வந்தவர்கள். லாரியாருக்கு மூத்த மகன் வீட்டில் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்களாம். கோர்ட்டாருக்கு மூத்த மகள் வீட்டில் கட்டில் நல்ல கட்டில்தான், ஆனால் யாராவது வந்தால் அதை மடக்கிவிடுவார்களாம், இவர் எழுந்து பால்கனியில் நிற்க வேண்டும்.

இங்கே அந்தக் கஷ்டமில்லை. இரண்டே அறை, ஆளுக்கு ஒன்று. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவரை ஹாலில் படுக்கச் சொன்னால் சம்பந்தி மரியாதை என்ன ஆவது? ஆகவே ஹாலில் படுப்பது வீட்டுக்கு உரியவர்கள். சோபாவுக்கும் ஆட்ட மேசைக்கும் நடுவே மெத்தை விரித்து, காலையில் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட வேண்டும். கோர்ட்டார் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர்கள் கால்மாட்டைச் சுற்றிப் போவார், லாரியார் தலைமாட்டைச் சுற்றிப் போவார். அந்தப் பெண் எட்டு வருஷமாகக் குளியலறையில்தான் புடவை கட்டுகிறாள். புடவையின் ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும். நான் அதைக் கவனித்துவிட்டேன் என்பதை அவளும் கவனித்துவிட்டாள்.

"எனக்கு நகை வேணாம்க்கா, கார் வேணாம்" என்று ஒருநாள் படித் திருப்பத்தில் துணி உதறிக்கொண்டே சொன்னாள். "ஒரு கதவு வேணும். உள்ளேருந்து தாழ் போடற கதவு."

அந்தக் கதவும் வருவதாக இருந்தது. இந்தப் பன்னிரண்டு நிலமும் கம்பெனியின் சோதனையில் தேறிவிட்டால் இவருக்குத் தலைமை அலுவலகத்தில் நிரந்தர வேலை, வேறு ஊரில், குடியிருப்போடு. தேறாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், மெத்தை ஹாலிலேயே கிடக்கும்.

நிலத்தைச் சோதிக்க ஆள் வேண்டுமே. சும்மா இருக்கிற ஆட்கள் வீட்டிலேயே இரண்டு பேர். இவர் கையால் எழுதிய தாளை வெட்டி, பழைய அட்டையின் மேல் வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் செருகித் தருவார். சாயங்காலமானால் சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். கோர்ட்டார் அட்டையில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் டைப் அடித்துப் பார்த்துவிட்டுக் கோட்டை எழுப்புவார். லாரியார் படிக்கவே மாட்டார், பெரிய மிருகமாகப் பார்த்து இறக்குவார்.

"சம்பந்தி, உங்க காண்டாமிருகத்துக்கு ஏழு பலம் வேணும். உங்ககிட்ட ஆறுதான் இருக்கு."

"ஏறி நின்னா ஏழாயிடும் சம்பந்தி."

"இது பாரம் ஏத்தற வண்டி இல்ல."

பேச்சு தமாஷாகத்தான் இருக்கும். ஆனால் தோற்றவர் எழுந்தால் வீடு வேறு. லாரியார் தோற்றால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம், மகன் போய்க் கெஞ்ச வேண்டும். கோர்ட்டார் தோற்றால் சாப்பிடுவார், ஆனால் மகளிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுவார். "அம்மா, தொந்தரவு இல்லைன்னா கொஞ்சம் தண்ணி கிடைக்குமா" என்று. அதைவிடப் பட்டினி கிடக்கலாம்.

இவர் என்ன செய்தார்? யார் தோற்றாரோ அவருக்குத் தோதாக அன்றைக்கே பென்சிலை எடுத்து நிலத்தைத் திருத்தினார். லாரியார் தோற்றால் கோட்டை நிலத்தில் கொஞ்சம் குறை. கோர்ட்டார் தோற்றால் மிருகங்களுக்குப் பலம் தரும் காட்டு நிலத்தில் கொஞ்சம் கழி. அதுவும் போதாமல் ஏறக்குறைய ஒவ்வோர் அட்டையின் கீழேயும் ஒரு வரி முளைத்தது: 'எதிராளிக்கும் அதே அளவு.' சதுப்பு நிலம் எனக்கு இரண்டு கொடுத்தால் உனக்கும் இரண்டு. அந்த வீட்டில் காபியையே அப்படித்தான் ஊற்றுவார்கள். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து, மட்டம் பார்த்து. ஏழெட்டு மாதத்தில் ஆட்டங்கள் எல்லாம் டிராவில் போய் நின்றன. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் முறுக்கிக்கொள்ளவில்லை, மகன் கெஞ்சவில்லை. நிலம் தயார் என்று நினைத்து அனுப்பிவிட்டார்.

பதில் வீடியோ காலில் வந்தது. நான் அப்போது சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கம்பெனியின் மேடம் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க ஆளுங்க காலையில ஆட உட்கார்ந்தாங்க. மத்தியானமும் ஆடிட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் அதே இருபது உயிர். ஒருத்தர் தூங்கிட்டார்."

"பேலன்ஸ் சரியா வரணும்னுதான் மேடம்..."

"பன்னிரண்டு நிலத்துல பதினொண்ணுல 'எதிராளிக்கும் அதே அளவு'. இது விளையாட்டா, பாகப்பிரிவினையா? யாராவது தோக்கணும் சார். யார்னு முன்கூட்டியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

அவர் போனை வைத்துவிட்டுப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சல்லடையை என் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குப் படித் திருப்பத்தில் பெரிய பேச்சு.

"வீட்டுல யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாதுன்னு நிலம் செஞ்சிருக்கீங்க."

"வேற யார வெச்சு ஆடிப் பாக்கறது? இந்த ஊர்ல இந்த ஆட்டம் தெரிஞ்சவங்க அவங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப தோக்கட்டும். தோத்தா உயிரா போயிடும்?"

"சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

எல்லாத்தையும் என்றால், வேலை கிடைத்ததும் லாரியார் மூத்த மகன் வீட்டுக்கு, கோர்ட்டார் மூத்த மகள் வீட்டுக்கு என்று இவர் ஏற்கெனவே இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார். ஒருவரைக் கூட்டிப் போனால் மற்றவருக்கு மனத்தாங்கல், ஆகவே இரண்டு பேரும் வேண்டாம். நியாயமான மனிதர்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். சம்பந்திகள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"எப்போ?"

"நிலம் தேறின உடனே."

அப்புறம் தண்ணீர் டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது என்று அவள் சொன்னாள்.

மறுநாள் அவர் அந்த வரியை எல்லா அட்டையிலிருந்தும் அடித்துவிட்டு, முழுசாகப் புதிதாகக் கட்டு தயார் பண்ணினார். இப்போது நிலங்களுக்குப் பல் முளைத்துவிட்டது, இன்றைக்கு எவராவது விழுவார் என்று எனக்கே ஆவல். பார்த்தால் டிரா. மறுநாளும் டிரா. அதற்கு மறுநாளும் அட்டைக் கட்டு தீர்கிற வரை ஆடி, டிரா. அவர் தாடி வளர்த்தார். நிலத்தைத் திருத்தினார், திருப்பித் திருத்தினார். சுண்ணாம்பு மேட்டை மட்டும் நாலு விதமாக எழுதிப் பார்த்தார். எது எழுதினாலும் சம்பந்திகள் இருபது உயிரோடு எழுந்து போனார்கள்.

என் சமையலறை ஜன்னலும் அவர்கள் ஹால் ஜன்னலும் எதிரெதிர். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். லாரியார் கையில் காண்டாமிருகம் இருந்தது. எதிரே கோட்டை இல்லை. பலம் போதும். இறக்கினால் முடிந்தது. லாரியார் அட்டையைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

"நான் சும்மா" என்று எதையும் இறக்காமல் முறையை விட்டார்.

"நானும் சும்மா சம்பந்தி" என்றார் கோர்ட்டார்.

எட்டு வருஷத்தில் காபி சூட்டில்கூட ஒத்துப்போகாதவர்கள்.

இதை வைத்துக்கொண்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும். அவள் துணி காயப்போட வந்ததும் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அப்பா தோக்கற மாதிரி இருந்தா மூக்கச் சொறிவார். கொஞ்ச நாளா மூக்குப் பக்கம் கையே போகல."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அவர் என்ன பண்ணுவார்? ரெண்டு பேருக்கும் சமமா வருத்தப்படுவார்." கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு துணியை உதறினாள். பிறகு எடுத்தாள். "அவங்க பயப்படறது வேலைக்கில்லக்கா. ஷூ அலமாரிக்கும் பால்கனிக்கும். எனக்கு வேண்டியது கதவு. அவங்க இல்லாத வீடு வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? அத இவரா சேத்துக்கிட்டார்."

ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். சல்லடை இன்னும் என்னிடம்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. போனா நாலு பேரும் போறோம். யாரையும் எங்கயும் அனுப்பல."

லாரியார் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். கோர்ட்டார் கண்ணாடியைக் கழற்றினார். இவர் வாயைத் திறந்தார், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"ஆனா அங்கயும் ரெண்டு ரூம்தான். ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணு உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"ஒரே ரூமா?" என்றார் லாரியார்.

"ஒரே ரூம். ரெண்டு கட்டில் போடலாம். ஜன்னல் ஒண்ணு."

நான் சல்லடையின் ஓட்டைகளை எண்ணுவது போல நின்றேன்.

"ஜன்னல் எந்தக் கட்டில் பக்கம்?" என்றார் கோர்ட்டார், ரொம்பச் சாதாரணமாக.

"ஒரு கட்டில் பக்கம்."

"அதுக்கென்ன மா, வாரம் ஒருத்தர்னு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"கிடையாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "பாதி பாதி கிடையாது, முறை வெச்சும் கிடையாது. இந்த வீட்டுல எல்லாத்தையும் பாதி பண்ணிப் பண்ணித்தான் நான் ஹால்ல படுத்திருக்கேன். ஜன்னல் ஒருத்தருக்கு. நிலத்த அனுப்பறதுக்கு முந்தின ஆட்டத்துல யார் ஜெயிக்கறீங்களோ அவருக்கு."

லாரியார் கவிழ்த்த அட்டையைத் திரும்ப எடுத்தார். கோர்ட்டார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கை மெல்ல மூக்குப் பக்கம் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. லாரியார் கண்ணாடி வாங்கி அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். கோர்ட்டார், சில தடவை பலம் தந்ததும் தீர்ந்துபோகிற சுரங்க நிலத்தைக் கையில் திருப்பி எடுத்து, மறுபடி வைத்து, தீர்ந்த சுரங்கத்தில் திரும்பத் திரும்பத் தோண்டுகிற வழியைக் கண்டுபிடித்தார்.

"இது அநியாயம் சம்பந்தி."

"அட்டையில தடை இருந்தா காட்டுங்க."

அடித்துக்கொண்டார்கள், முறைத்துக்கொண்டார்கள், 'உங்களோட ஒரே ரூம்ல நான் எப்படிப் படுக்கறது' என்று இருவருமே தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். ஓட்டை தெரியத் தெரிய இவர் அடைத்துக்கொண்டே வந்தார். சில நாள் லாரியார் ஜெயித்தார், சில நாள் கோர்ட்டார். முதல் தடவையாக யார் ஜெயிப்பார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் இதுவரை இந்தக் கட்டடத்தில் எதையும் சொல்லத் தெரியாமல் இருந்ததில்லை.

கடைசி ஆட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பேன் என்று தெரியும். எல்லா விளக்கையும் போட்டிருந்தாள். சுருட்டிய மெத்தை கதவுக்குப் பின்னால் நின்றது, அந்த வீட்டின் ஐந்தாவது ஆள் மாதிரி.

இரண்டு பேரும் நன்றாக அடிபட்டிருந்தார்கள். லாரியாருக்கு மூன்று உயிர். கோர்ட்டாருக்கு ஒன்று. லாரியார் காண்டாமிருகத்தை இறக்கினார். கோர்ட்டார் கையில் கோட்டை இருந்தது, அதை எழுப்பினால் தப்பிக்கலாம். கோட்டைக்கு இன்னும் ஒரே ஒரு பலம் தேவை. மிச்சமிருந்த நிலம் ஒன்றுதான். சுண்ணாம்பு மேடு.

பலம் எடுத்தால் ஓர் உயிர் போகும். இருப்பதே ஓர் உயிர். எடுக்காவிட்டால் காண்டாமிருகம்.

கோர்ட்டார் அட்டையைப் படித்தார். வாய்க்குள் டைப் அடித்தார். கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். மூக்கு சிவந்துவிட்டது. ஒரு கமா கிடைத்தால்கூடப் பிழைத்துக்கொள்கிற மனிதர். மேட்டில் நிற்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. நான் காற்றுக்காக எழுந்து ஜன்னல் கதவைத் தள்ளப் போனேன். அது திறந்துதான் இருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் கோர்ட்டார்.

மாப்பிள்ளையின் கை தானாகப் பென்சிலுக்குப் போனது. எட்டு வருஷமாக எல்லாவற்றையும் மட்டம் பார்த்த பழக்கம். நுனிவிரல் பட்டிருக்கும். அதற்குள் அவள் பென்சிலை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"இது உங்க முறை அப்பா" என்றாள். "நீங்களே ஆடுங்க."

அப்பாவை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் கை மட்டும் நாற்காலி முதுகை விடவில்லை.

கோர்ட்டார் அட்டைகளை அடுக்கி மேசையில் வைத்தார். "தோத்துட்டேன் சம்பந்தி."

லாரியார் சந்தோஷப்பட வாயைத் திறந்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "காத்து அதிகமா வந்தா எனக்குக் காது வலிக்கும்" என்று இழுத்தார்.

"பஞ்சு வெச்சுக்குங்க" என்றார் கோர்ட்டார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

சாப்பிடவில்லை. 'தொந்தரவு இல்லைன்னா' என்று தண்ணீரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை போய் அறை வாசலில் நிற்கப் பார்த்தார், அவள் தட்டைப் போட்டு உட்கார வைத்துவிட்டாள். அவளும் உட்கார்ந்தாள். சாப்பிட்டாளா, தட்டில் கோலம் போட்டாளா என்று நான் இருந்த இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

காலையில் அவர் அட்டைகளைக் கம்பெனிக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தபோது கோர்ட்டார் வெளியே வந்தார். கட்டின் மேல் விரலை வைத்தார்.

"அந்த மேட்டு கார்டு சரியா இருக்கு மாப்பிள்ளை. ராத்திரி முழுக்கப் படிச்சேன், வழியே இல்ல. அதுல கை வைக்காதீங்க."

நிலம் தேறிவிட்டது. மேடம் சுண்ணாம்பு மேட்டைப் பற்றித் தனியாகக் கேட்டாராம், இதை யார் சோதித்தது என்று. சாமான் ஏற்றுகிற அன்றைக்கு லாரியார் வண்டி பக்கத்தில் நின்று கட்டில் இப்படி வை, மேசை அப்படி வை என்று ஆட்களை விரட்டினார். மெத்தையை எங்கே வைப்பது என்று ஓர் ஆள் கேட்டதற்கு, "அது ரூமுக்குப் போறது, மேல வை" என்றாள் அவள்.

எதிர்வீட்டுக்கு இப்போது யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். வந்த அன்றைக்கே ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டுவிட்டார்கள். என்ன ஜனங்களோ.

அவள்தான் அவ்வப்போது போன் பண்ணுகிறாள். சாயங்காலம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பேசுகிறாளாம். போன தடவை பேசிக்கொண்டிருந்தபோது 'டொக் டொக்' என்று சத்தம்.

"மாப்பிள்ளை இருக்காரா?" கோர்ட்டார் குரல். "அடுத்த கட்டு எப்போ வருது? ஜன்னல் விஷயத்த மறுவிசாரணைக்கு எடுக்கணும்."

"மறுவிசாரணையாவது ஒண்ணாவது" என்று லாரியார் குரல் பின்னாலிருந்து. "மருமகளே, நீ சொல்லு மா, தீர்ப்பு தீர்ப்புதானே?"

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள் அவள். போனைக் கீழே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் மாற்றி ஒருவர். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.